சட்டப்படி கேசினோ வந்த ஊர், ஒரு தலைமுறைக்குப் பிறகு எப்படி இருக்கிறது?

தாழ்வாரம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கேசினோவுக்குச் சட்ட அனுமதி தரலாமா என்ற கேள்வி எங்கே எழுந்தாலும், இரு தரப்பாரும் முதல் ஐந்தாண்டுக் கணக்கை வைத்துக்கொண்டே வாதிடுகிறார்கள். எத்தனை பேருக்கு வேலை கிடைக்கும் என்று ஒருவர் சொல்ல, எத்தனை குடும்பங்கள் சீரழியும் என்று மற்றவர் சொல்ல, பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது. நான் அறிய விரும்புவது அதற்குப் பிந்தைய காலத்தை. கேசினோ திறந்த ஆண்டில் பிறந்த குழந்தைக்கு இருபத்தைந்து, முப்பது வயதாகும்போது அந்த ஊரின் கடைத்தெருவும் பள்ளிகளும் உள்ளாட்சிக் கருவூலமும் எந்த நிலையில் இருக்கின்றன? சூது தீது என்ற எண்ணம் எனக்கும் உண்டு. ஆயினும் அதை இங்கே வாதமாக வைக்கப் போவதில்லை. நடந்தவற்றை அறிந்தவர்கள் விரிவாக எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கணக்கன் எழுதியது:

உங்கள் கேள்விக்கு மிக நீண்ட பதிவு கிடைக்கும் இடம் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டி என்பதால் அங்கிருந்து தொடங்குகிறேன். நியூ ஜெர்சி மாநில வாக்காளர்கள் 1974-இல் கேசினோ யோசனையை நிராகரித்தார்கள். இரண்டே ஆண்டுகளில், இந்த ஒரு நகரத்துக்கு மட்டும் அனுமதி என்று திருத்தி மீண்டும் கேட்டபோது ஒப்புக்கொண்டார்கள். 1978 மே மாதத்தில் முதல் கேசினோ திறந்தது. நெவாடாவுக்கு வெளியே அந்நாட்டில் சட்டப்படி திறக்கப்பட்ட முதல் கேசினோ அதுதான். வாடிப்போன ஒரு கடற்கரைச் சுற்றுலா நகரத்தைப் புதுப்பிப்பதற்கான தனித்தன்மை வாய்ந்த கருவி என்றே அதற்கான சட்டம் கேசினோவை வருணித்தது. ஆகவே அது சூதாட்டத்துக்காகக் கொண்டுவரப்பட்டதன்று, ஊருக்காகக் கொண்டுவரப்பட்டது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேற்கொண்டு படியுங்கள்.

பணம் வந்ததை மறுக்க முடியாது. 2006-இல் அந்நகரக் கேசினோக்களின் ஆண்டு வருவாய் ஏறத்தாழ 520 கோடி டாலரைத் தொட்டது. பல்லாயிரம் பேருக்கு வேலை கிடைத்தது. ஆனால் பேருந்தில் வந்து இறங்கியவர்கள் நேரே கூடத்துக்குள் நுழைந்தார்கள். உணவும் தங்குமிடமும் கேளிக்கையும் அதே கூரையின்கீழ் மலிவாகவோ இலவசமாகவோ கிடைத்தன. பணம் தீர்ந்ததும் அதே பேருந்தில் திரும்பிவிட்டார்கள். இரண்டு தெரு தள்ளியிருந்த சிறு உணவகத்துக்கு அவர்களால் ஒரு பயனும் இல்லை. வாடிக்கையாளரை வெளியே விடாமல் வைத்திருப்பது கேசினோத் தொழிலின் திறமை. அந்தத் திறமை வளர வளரச் சுற்றியுள்ள கடைத்தெரு தேய்கிறது. கேசினோ வருவாயில் ஒரு பகுதியை நகரத்தில் முதலீடு செய்ய வைப்பதற்கென்று 1984-இல் தனி ஆணையம் ஒன்றை அமைக்க வேண்டி வந்ததே, அது தானாக நடக்கவில்லை என்பதற்குச் சான்று.

அதன் பிறகு நடந்ததுதான் உங்கள் கேள்விக்கு நேரடி விடை. அந்நகரத்தின் செழிப்பு கேசினோவால் வந்ததன்று. அந்தக் கடற்கரைப் பகுதியில் நெடுங்காலம் வேறு கேசினோ இல்லை என்பதால் வந்தது. 2004-இல் பக்கத்து மாநிலமான பென்சில்வேனியா அனுமதிச் சட்டம் இயற்றி, 2006-இல் அங்கே கூடங்கள் திறந்தன. வாடிக்கையாளர்கள் தங்கள் வீட்டுக்கு அருகிலிருந்த கூடத்துக்குப் போகத் தொடங்கினார்கள். 2014 என்ற ஒரே ஆண்டில், அட்லாண்டிக் சிட்டியில் இருந்த பன்னிரண்டு கேசினோக்களில் நான்கு மூடப்பட்டு, சுமார் எட்டாயிரம் பேர் வேலை இழந்தார்கள். கட்டடங்களின் மதிப்புச் சரிந்ததைக் காட்டி நிறுவனங்கள் சொத்து வரியைக் குறைக்கக் கேட்டு வழக்காடி வென்றன. ஏற்கெனவே வாங்கிச் செலவழித்துவிட்ட வரியை நகர நிர்வாகம் திருப்பித் தர வேண்டியதாயிற்று. 2016 நவம்பரில் நகரின் நிதி நிர்வாகத்தை மாநில அரசே தன் கையில் எடுத்துக்கொண்டது. முதல் கேசினோ திறந்து அப்போது முப்பத்தெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

வடதிசை எழுதியது:

கணக்கன் அவர்கள் சொன்ன ஒவ்வொரு தகவலும் சரி. ஆனால் ஒரு நகரத்தின் தோல்வியைப் பொது விதியாக்குவது சரியாகாது. நான் சட்ட அனுமதியை ஆதரிப்பவன், காரணங்களைச் சொல்லிவிடுகிறேன்.

தடை இருந்த காலத்தில் சூது இல்லாமல் போன சமூகம் என்று ஒன்றை யாராவது காட்ட முடியுமா? தடை செய்தால் அது பின்கட்டுக்குப் போகிறது. அங்கே வயது வரம்பு கிடையாது, கணக்குத் தணிக்கை கிடையாது, கடனை வசூலிக்க வருபவன் நீதிமன்றத்துக்குப் போக மாட்டான். சட்டம் உள்ளே வந்தால்தான் நிபந்தனை விதிக்க முடியும். சிங்கப்பூரைப் பாருங்கள். பல்லாண்டுகள் மறுத்துவந்த அரசு 2005-இல் முடிவை மாற்றி, 2010-இல் இரண்டு கேசினோக்களை மட்டும் திறக்கவிட்டது. குடிமக்களும் நிரந்தரவாசிகளும் உள்ளே நுழையவே ஒரு நாளைக்கு 100 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்ட வேண்டும் என்று விதித்து, 2019-இல் அதை 150 ஆக உயர்த்தியது. நொடித்துப்போனவர்களும் அரசின் உதவித்தொகையில் வாழ்பவர்களும் விண்ணப்பம் ஏதுமின்றிச் சட்டப்படியே தடைப் பட்டியலில் சேர்க்கப்பட்டுவிடுகிறார்கள். தன்னைத் தானே விலக்கிக்கொள்ளலாம். குடும்பத்தினரும் விண்ணப்பித்து ஒருவரை விலக்கச் செய்யலாம்.

இன்னொன்று. அமெரிக்காவின் வட கரோலைனா மாநிலத்துப் பழங்குடியினரான கிழக்குச் செரோக்கி மக்கள் 1997-இல் தங்கள் நிலத்தில் கேசினோ திறந்தார்கள்; இலாபத்தில் பாதியைத் தங்கள் உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் பகிர்ந்தளித்தார்கள். அதற்கு முன்பிருந்தே அவ்வட்டாரக் குழந்தைகளின் மனநலத்தைப் பின்தொடர்ந்துவந்த ஆய்வுக் குழு ஒன்று, அந்த வருமானத்தால் வறுமையிலிருந்து வெளியேறிய குடும்பங்களின் குழந்தைகளிடம் நடத்தைச் சிக்கல்கள் கணிசமாகக் குறைந்ததை 2003-இல் வெளியிட்டது. ஒரு தலைமுறைக்குப் பிறகு என்ன ஆகும் என்று கேட்டீர்கள். இதுவும் அதற்கான விடைகளில் ஒன்று.

மழைக்கால் எழுதியது:

நான் பத்தொன்பது ஆண்டுகளாகச் சூதுக்கு அடிமையானவர்களுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் ஆலோசனை வழங்கும் பணியில் இருக்கிறேன். வடதிசை அவர்கள் குறிப்பிட்ட செரோக்கி ஆய்வை நானும் மதிக்கிறேன். ஆனால் அந்த ஆய்வு அளந்தது வறுமை நீங்கியதன் பயனை; சூதாடியதன் பயனை அன்று. அந்தக் குழந்தைகளின் வீட்டுக்கு வந்த பணம் வேறு யாருடைய வீட்டிலிருந்தோ புறப்பட்ட பணம். அந்த மற்ற வீடுகளில்தான் நான் வேலை செய்கிறேன்.

கேசினோ என்றதும் பலர் சுழல் சக்கரத்தையும் சீட்டு மேசையையும் நினைக்கிறார்கள். என்னிடம் வருபவர்களுள் மிகப் பெரும்பாலோர் அங்கிருந்து வருவதில்லை; காசு போட்டுச் சுழலவிடும் சூதாட்ட இயந்திரத்தின் முன்னாலிருந்து வருகிறார்கள். போட்ட பணத்தில் நூற்றுக்குத் தொண்ணூறைத் திருப்பித் தரும் இயந்திரம் என்றால் கேட்பவருக்கு அது நியாயமாகவே தோன்றும். ஆனால் யாரும் ஒரு முறை ஆடிவிட்டு எழுந்து போவதில்லை. கையில் உள்ள நூறும் ஒரு சுற்று இயந்திரத்துக்குள் போய்வந்தால் சராசரியாகத் தொண்ணூறு மிஞ்சும். அந்தத் தொண்ணூறு மீண்டும் போய்வந்தால் எண்பத்தொன்று. பத்துச் சுற்றில் முப்பத்தைந்து. இயந்திரம் ஒரு மணி நேரத்தில் நூற்றுக்கணக்கான முறை சுழலும் என்பதால் அந்தப் பத்துச் சுற்றும் ஒரே மாலையில் முடிந்துவிடுகின்றன. இதற்கிடையே, பத்து போட்டு மூன்று திரும்பினாலும் வெற்றிக்குரிய ஒளியும் இசையும் எழுகின்றன. தோல்வியை வெற்றியாக உடலுக்குக் காட்டும் ஏற்பாடு அது. ஆடுபவர் முட்டாள் என்பதால் ஏமாறவில்லை.

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன் நோய்ப் பட்டியலில் 1980-இல் சூதைக் கைவிட முடியாத நிலையைச் சேர்த்தபோது, உந்துதலைக் கட்டுப்படுத்த இயலாத கோளாறுகளுள் ஒன்றாக வைத்தது. 2013-இல்தான் மது, போதைப் பொருள் ஆகியவற்றோடு சேர்த்து அடிமைத்தனம் என்ற தலைப்பின்கீழ் கொண்டுவந்தது. ஆஸ்திரேலிய அரசின் உற்பத்தித்திறன் ஆணையம் 2010-இல் தந்த அறிக்கை, சூதாட்ட இயந்திரங்களில் செலவாகும் பணத்தில் ஏறக்குறைய நாற்பது விழுக்காடு, சூதுச் சிக்கல் உள்ள ஒரு சிறு தொகையினரிடமிருந்து வருகிறது என்று மதிப்பிட்டது. இதை நிதானமாக எண்ணிப் பாருங்கள். நோயுற்றவர்கள் அனைவரும் நாளையே குணமானால் அந்தத் தொழிலின் வருவாய் பெருமளவு சரிந்துவிடும். பொறுப்பான ஆட்டம் என்று சுவரில் எழுதி வைப்பவர்களின் நேர்மையை நான் ஐயப்படவில்லை. ஆனால் அவர்களது வரவு செலவுக் கணக்கு வேறு திசையில் இழுக்கிறது.

நீண்ட காலப் பாதிப்பு ஏன் தாமதமாகத் தெரிகிறது என்பதையும் சொல்ல வேண்டும். முதலில் சேமிப்புக் கரைகிறது, அது யாருக்கும் தெரியாது. பிறகு நகை அடகுக்குப் போகிறது. பிறகு உறவினரிடம் ஏதோ ஒரு காரணம் சொல்லிக் கடன். வீட்டுப் பத்திரம் கைமாறும் நாளில்தான் வீட்டாருக்கு விஷயம் எட்டுகிறது. முதல் ஆட்டத்துக்கும் என் அறைக்கு வருவதற்கும் இடையே ஐந்தாறு ஆண்டுகள் கழிந்திருப்பதை மீண்டும் மீண்டும் பார்த்திருக்கிறேன். திறப்பு விழாவுக்கு மறு ஆண்டு எடுக்கும் கணக்கெடுப்பில் இவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள்.

தாழ்வாரம் எழுதியது:

இந்தத் தாமதம் குற்றங்களின் எண்ணிக்கையிலும் தெரிகிறதா?

கணக்கன் எழுதியது:

தெரிகிறது என்று கிரினோல்ஸ், மஸ்டார்ட் என்ற இரு பொருளியலாளர்கள் 2006-இல் எழுதினார்கள். 1977 முதல் 1996 வரை அமெரிக்க மாவட்டங்களின் குற்றப் பதிவுகளை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். கேசினோ திறந்தவுடன் பெரிய மாற்றமில்லை. சில ஆண்டுகள் கழித்துக் குற்றம் ஏறத் தொடங்கி, தொடர்ந்து ஏறுகிறது என்பது அவர்களது முடிவு. மழைக்கால் சொன்ன வரிசையோடு இது பொருந்துகிறது. கைப்பணம் தீர்ந்த பின்தான் கையாடல் தொடங்குகிறது.

வடதிசை எழுதியது:

அந்த ஆய்வுக்கு வாக்கர் என்ற பொருளியலாளர் 2008-இல் எழுப்பிய மறுப்பையும் சேர்த்தே படிக்க வேண்டும். குற்றங்களின் எண்ணிக்கையை உள்ளூர் மக்கள்தொகையால் வகுத்தால், இலட்சக்கணக்கில் வந்துபோகும் வெளியாட்கள் கணக்கில் வராமல் போய், விகிதம் மிகையாகத் தெரியும். பெரிய பொழுதுபோக்குப் பூங்கா ஒன்றைத் திறந்தாலும் இதே ஏற்றம் தெரியக்கூடும்.

கணக்கன் எழுதியது:

நியாயமான மறுப்பு. குற்ற எண்ணிக்கையை மட்டும் வைத்து யாரும் இந்த வழக்கை வெல்ல முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆயினும் உங்கள் இரண்டு எடுத்துக்காட்டுகளும் ஒரே விதியைத்தான் காட்டுகின்றன. செரோக்கி மக்களிடம் ஆட வருபவர்கள் பெரும்பாலும் வெளியாட்கள். இலாபம் போவது உள்ளூர் மக்களுக்கு. சிங்கப்பூர் தன் மக்களை வாசலிலேயே தடுத்துக் கட்டணம் கேட்கிறது. அதாவது கேசினோவால் ஊருக்கு நன்மை வர வேண்டுமானால் ஊர்க்காரர்கள் அதில் ஆடக்கூடாது என்பதே அவ்விரு ஏற்பாடுகளின் உட்பொருள். இதற்கு நேர் எதிரான இடம் தென்கொரியாவின் ஜொங்சொன் மாவட்டம். நிலக்கரிச் சுரங்கங்கள் மூடப்பட்டு நலிந்த அப்பகுதிக்காக 1995-இல் தனிச் சட்டம் இயற்றி, 2000-இல் ஒரு கேசினோவைத் திறந்தார்கள். அந்நாட்டுக் குடிமக்கள் நுழைய அனுமதியுள்ள ஒரே கேசினோ அதுதான். மற்றவை அனைத்தும் வெளிநாட்டாருக்கு உரியவை. சுரங்கத் தொழிலாளர்கள் வாழ்ந்த சிற்றூரின் தெருவில் இன்று வரிசையாக அடகுக் கடைகள் இருக்கின்றன; மீட்க வராதவர்களின் கார்கள் அவற்றின் எதிரே நிற்கின்றன.

நள்ளிரவு எழுதியது:

பல நாட்கள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இப்போது எழுதலாம் என்று தோன்றுகிறது. நான் கேசினோ ஒன்றில் பதினோரு ஆண்டுகள் டீலராக, அதாவது மேசையில் சீட்டுப் போடுபவனாக வேலை செய்தேன். எந்த ஊர், எந்த நிறுவனம் என்பது வேண்டாம்.

அந்த வேலை என் குடும்பத்தைக் காப்பாற்றியது. என் தங்கை படித்தது அந்தச் சம்பளத்தில். இதை மறைத்துப் பேசினால் நான் நன்றி கெட்டவன். ஆனால் தாழ்வாரம் அவர்கள் பள்ளியைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். அதில் எனக்குத் தெரிந்தது உண்டு. என் வகுப்பில் கணக்கில் நல்ல மதிப்பெண் எடுத்தவர்கள்தாம் முதலில் டீலர் பயிற்சிக்குப் போனோம். சில வாரப் பயிற்சி. அதன் பிறகு, பட்டம் முடித்த ஆசிரியர் வாங்கும் ஊதியத்துக்கு மேல் சம்பளம். பதினெட்டு வயதுப் பையனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? கேசினோக்களுக்குப் பேர்போன சீனப் பகுதியான மக்காவ் நகரிலும் இதே நிலை பெரிய அளவில் இருந்தது. 2002-இல் அங்கே ஏகபோக உரிமை முடிவுக்கு வந்து, புதிய நிறுவனங்கள் பெருகியபோது, டீலர் வேலை உள்ளூர்வாசிகளுக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்டிருந்ததால் இளைஞர்கள் படிப்பை விட்டுவிட்டு மேசைக்கு வந்தார்கள். 2012-இல் கூடத்தில் வேலை செய்வதற்கான குறைந்தபட்ச வயதை அரசு 21 ஆக உயர்த்தியது. 2019 இறுதியிலிருந்து, வேலை நேரத்துக்கு வெளியே ஊழியர்கள் கேசினோவுக்குள் நுழைவதற்கே தடை வந்தது. அந்தத் தடை ஏன் தேவைப்பட்டது என்பது எங்களுக்குத் தெரியும். நாள் முழுவதும் பணம் கைமாறுவதைப் பார்க்கும் கை, ஒரு நாள் தானும் ஆடிப் பார்க்கும்.

இருபது ஆண்டுகள் சீட்டுப் போட்டவருக்கு வேறு தொழில் தெரியாது. மூன்று முறைப்பணியில் மாறி மாறி உழைத்து உறக்கம் கெட்டிருக்கும். கூடம் மூடப்பட்டால் அந்தத் திறமைக்கு வேறு எங்கும் விலை இல்லை. ஒரு நெசவாளியோ தச்சரோ தம் கைத்தொழிலை எடுத்துக்கொண்டு வேறிடம் போகலாம். நாங்கள் எதை எடுத்துக்கொண்டு போவது?

இன்னொரு செய்தியும் உண்டு. நாள்தோறும் வருபவர்களை எங்களுக்குப் பெயர் சொல்லித் தெரியும். ஒரு முதியவர் ஓய்வூதியம் வரும் நாளில் தவறாமல் வருவார். மூன்றாம் நாளிலிருந்து அடுத்த மாதம் வரை வர மாட்டார். அவரிடம் பேசக்கூட எனக்கு அனுமதி இல்லை. சிரித்த முகத்துடன் சீட்டுப் போட வேண்டும். அவர் கைகள் இன்றும் நினைவில் இருக்கின்றன.

ஈரமண் எழுதியது:

நள்ளிரவு அவர்களுக்கு நன்றி. அந்த முதியவரைப் போன்ற ஒருவரின் மகள் நான்.

என் அப்பா ஆடியது சட்டப்படி உரிமம் பெற்ற கூடத்தில். வடதிசை அவர்களே, மறைவில் நடக்கும் சூதைவிட அது பாதுகாப்பானது என்று நீங்கள் சொல்வது ஒரு வகையில் உண்மை. யாரும் அப்பாவை அடிக்க வரவில்லை. ஆனால் அம்மா புகார் கொடுக்கப் போனபோது, சட்டத்தை மீறி எதுவும் நடக்கவில்லையே அம்மா என்று பணிவாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். வங்கியிலும் அதே பதில். அவர் பணம், அவர் விருப்பம், அனுமதி பெற்ற இடம். தடை இருந்த காலத்தில் சூதாடியின் மனைவி பக்கம் ஊர் நின்றது. அனுமதி வந்த பிறகு, கணவரை அடக்கத் தெரியாதவள் என்று அவளைப் பார்த்தார்கள். சட்டம் அந்தக் கூடத்தை அனுமதித்தபோது, எதிர்த்துப் பேசும் உரிமையை எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டது. குடும்பத்தினர் விண்ணப்பித்து ஒருவரை விலக்கும் ஏற்பாடு சிங்கப்பூரில் இருப்பதாக இங்கேதான் முதலில் படித்தேன். அப்படி ஒரு தாள் அன்று அம்மாவின் கையில் இருந்திருந்தால் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

வடதிசை எழுதியது:

ஈரமண், உங்கள் அம்மாவுக்கு நேர்ந்ததை என் வாதம் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை. சட்டபூர்வமாக்குவது என்பதை ஆடுபவர், நடத்துபவர், அரசு என்ற மூவருக்கு இடையிலான ஒப்பந்தமாகவே நான் பார்த்துவந்திருக்கிறேன். நான்காவது தரப்பு ஒன்று இருக்கிறது. கட்டுப்பாட்டோடு கூடிய அனுமதி வேண்டும் என்ற நிலையை நான் விட்டுவிடவில்லை. ஆனால் குடும்பத்துக்கு விலக்கும் உரிமை தராத எந்தச் சட்டத்தையும் இனி ஆதரிக்க மாட்டேன்.

மழைக்கால் எழுதியது:

கட்டுப்பாடு எழுதுவது எளிது, முப்பது ஆண்டுகள் அதைக் காப்பதுதான் கடினம். அரசு அந்த வருவாய்க்குப் பழகிவிடுகிறது என்பதே காரணம். மெல்பர்ன் நகரின் கேசினோவை 2021-இல் ஓர் அரச விசாரணை ஆணையம் ஆராய்ந்து, அதை நடத்திய நிறுவனம் உரிமத்துக்குத் தகுதியற்றது என்று வெளிப்படையாகவே அறிவித்தது. ஆனாலும் உரிமத்தை உடனே பறிக்கப் பரிந்துரைக்கவில்லை. மாநிலப் பொருளாதாரத்துக்கும் தொடர்பில்லாத பலருக்கும் கேடு விளையும் என்பதால், தனி மேலாளர் ஒருவரின் மேற்பார்வையில் இரண்டாண்டு அவகாசம் தரச் சொன்னது. அந்த ஆணையரைக் குறை சொல்ல மாட்டேன். ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் இருக்கும்போது வேறென்ன செய்வது? ஆனால் தகுதியற்றது என்று தீர்ப்பு வந்த பிறகும் மூட முடியாத இடத்துக்கு ஒரு சமூகம் வந்து சேர்ந்ததைக் கவனியுங்கள். மக்காவ் அரசின் வருவாயில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு சூதிலிருந்து வந்த ஆண்டுகள் பல. 2020-இல் பெருந்தொற்றால் எல்லை மூடப்பட்டபோது கேசினோ வருவாய் முந்தைய ஆண்டின் கால் பங்குக்கும் கீழே இறங்கியது.

தாழ்வாரம் எழுதியது:

அப்படியானால் கொடுத்த அனுமதியை எந்த அரசும் திரும்பப் பெற்றதே இல்லையா?

கணக்கன் எழுதியது:

பெற்றிருக்கிறார்கள், மிகச் சிலர். ரஷ்யா 2009 ஜூலை முதல் நாளில், குறிக்கப்பட்ட சில மண்டலங்களைத் தவிர நாடு முழுவதும் கேசினோக்களை மூடியது. ஆனால் எனக்கு அதைவிட நார்வேயின் கதை பயனுள்ளதாகத் தோன்றுகிறது. அங்கே கேசினோ இல்லை. கடைகளிலும் நிலையங்களிலும் சூதாட்ட இயந்திரங்கள் இருந்தன. அவற்றின் வருவாயில் பங்கு பெற்றவை தொண்டு நிறுவனங்கள். 2003-இல் நாடாளுமன்றம் இயந்திரங்களை அரசு நிறுவனம் ஒன்றின்கீழ் கொண்டுவர முடிவு செய்தபோது, தொழில்துறையினர் வழக்குத் தொடுத்தார்கள். நல்ல நோக்கத்தோடு இயங்கிய அமைப்புகளும் தங்கள் வருவாயை எண்ணிக் கவலைப்பட்டன. வழக்கு முடிந்து 2007 ஜூலையில்தான் பழைய இயந்திரங்கள் அகற்றப்பட்டன. 2009 வாக்கில் வந்த புதியவற்றில், பெயர் பதிந்த அட்டை இல்லாமல் ஆட முடியாது. ஒரு நாளைக்கும் ஒரு மாதத்துக்கும் இழக்கக்கூடிய தொகைக்கு வரம்பு உண்டு. இடையில் கட்டாய ஓய்வும் உண்டு.

சட்டம் எழுதப்படும் நாளில் கேட்க வேண்டியவற்றை இதிலிருந்து எடுக்கலாம். உரிமம் எத்தனை ஆண்டுகளுக்கு? மக்காவ் 2022-இல் புதிதாகத் தந்தவை பத்தாண்டு உரிமங்கள். முடியும் நாளில் இழப்பீடு கேட்கும் உரிமை நிறுவனத்துக்கு உண்டா? வருவாய் அன்றாடச் செலவுக்குப் போகிறதா, அல்லது அது நின்றாலும் பள்ளிக்கூடம் நிற்காதபடி தனி நிதியில் சேர்கிறதா? கூடத்துக்குள் கடன் தரலாமா?

தாழ்வாரம் எழுதியது:

இக்கேள்விகளை எழுதி வைத்துக்கொண்டேன். கணக்கன் அவர்களின் பட்டியலில் முதலாவதாக ஒன்றைச் சேர்க்கிறேன்: விண்ணப்பிக்க வேண்டியது எங்கே, எத்தனை நாளில் விடை வரும், வாசலில் அதைச் செயல்படுத்த வேண்டியவர் யார் என்பவற்றோடு, ஒருவரை விலக்கக் கோரும் உரிமை அவருடைய மனைவிக்கும் மகளுக்கும் உண்டு என்ற பிரிவு. ஈரமண், அந்தப் பிரிவின் வாசகத்தை நீங்கள் எழுதித் தருவீர்களா?

ஈரமண் எழுதியது:

எழுதித் தருகிறேன். அம்மாவிடமும் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.